எழுபத்து மூன்று சதவீதம்

உட்காருங்கள் சார். அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். எதிரே ஆபீசைச் சாப்பாட்டுக்குப் பூட்டிவிட்டார்கள். பூட்டுகிற விஷயத்தில் இந்தப் பல்கலைக்கழகம் ஒருநாளும் நேரம் தவறியது கிடையாது. உங்கள் மகள் அந்த வராந்தாவிலேயே நிற்கட்டும், வரிசையில் இடம் போய்விடும். பிஎச்.டி. சேர வந்திருக்கிறாளா? நல்லது. நாட்டுக்கு டாக்டர்கள் தேவைதான்.

எனக்கும் இப்போது வேலை ஒன்றும் இல்லை. மூன்றாவது மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே இன்றைக்கு இருதயராஜ் என்று ஒருவருக்குக் கமிட்டி நடக்கிறது. அவருடைய ஆய்வுப் பதிவை உறுதி செய்வார்களா, மாட்டார்களா என்பது இன்று தெரிந்துவிடும். செய்யாவிட்டால் வருகிற ஜூனில் அவருக்குக் கல்லூரியில் வேலை இல்லை. அவ்வளவுதான். எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. என் தொழிலைக் கெடுத்தவர்களில் அவரும் ஒருத்தர்.

போர்டைப் பார்த்தீர்களா? ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங், லேமினேஷன். அதற்குக் கீழே வெள்ளைப் பெயிண்ட் அடித்திருக்கிறது அல்லவா, அந்த இடத்தில் 'ஆய்வு ஆலோசனை' என்று இருந்தது. ஆலோசனை என்றால் எல்லாமும்தான். தலைப்பு, கேள்விகள், கேள்விகளுக்கு மக்கள் சொன்ன பதில்கள், அட்டவணை, முடிவுரை. கஸ்டமர் கையெழுத்தை மட்டும் அவரே போட்டுக்கொள்வார். நன்றியுரைக்கு மட்டும் மனைவி பெயர், பிள்ளைகள் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். அதையெல்லாம் நாமாகப் போட்டுவிடக் கூடாது பாருங்கள். தொழிலில் எனக்கு ஒரு நேர்மை உண்டு.

கம்ப்யூட்டரில் ஒரு மூலப்பிரதி இருக்கும். 'மகளிர் சுயஉதவிக் குழுக்களின் மேம்பாடு', அதற்குப் பக்கத்தில் ஒரு மாவட்டத்தின் பெயர். மாவட்டத்தை மாற்றினால் புது ஆய்வு. இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? பெண்கள் எங்கேயும் பெண்கள்தானே. ஒரே ஒரு தடவை, ராமநாதபுரத்துக்குச் செய்ததைத் தருமபுரிக்கு மாற்றும்போது மாவட்டத்தின் பெயரை மாற்றிவிட்டேன், கடலை எடுக்க விட்டுப்போய்விட்டது. தருமபுரிப் பெண்கள் கடற்கரையில் கருவாடு காயப்போட்டார்கள். கைடு பார்த்தார். வெளியூர்த் தேர்வாளர் பார்த்தார். வாய்மொழித் தேர்வு நடந்தது, கைதட்டினார்கள், முந்திரிப் பருப்புப் போட்ட கேசரி கொடுத்தார்கள், பட்டம் வந்தது. படித்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் அப்போது யாருக்கும் இல்லை. நல்ல காலம் சார் அது.

இங்கே இருக்கிற பல்கலைக்கழக நூலகத்தை எதிரி என்று நான் நினைத்ததே இல்லை. சாதுவான கட்டடம். வெயில் காலத்தில் நானே போய்ப் படுத்திருக்கிறேன். அப்புறம் பர்வீன் பானு என்று ஒரு அம்மாவை நூலகராகப் போட்டார்கள். நூலகர் என்றால் புத்தகத்தைப் பூட்டிக் காப்பாற்ற வேண்டும். இந்த அம்மா பீரோக்களைத் திறந்துவிட்டார். அதோடு நின்றாரா? 'ஆய்வுத் திறன் பயிற்சி' என்று சனிக்கிழமை தோறும் வகுப்பு ஆரம்பித்தார். எப்படித் தேடுவது, எப்படிப் படிப்பது, எப்படிக் குறிப்பு எடுப்பது. இருபது வருஷம் பள்ளிக்கூடத்திலும் காலேஜிலும் இருந்தவர்களுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறாராம். போதாததற்கு, இந்தப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் யாரும் கமிட்டி முன்னால் போகக் கூடாது என்று துணைவேந்தரிடம் உத்தரவும் வாங்கிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் இருதயராஜ் வந்தார். காமர்ஸ் வாத்தியார், தனியார் கல்லூரி. பகலில் வகுப்பு, சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ், ஞாயிற்றுக்கிழமை அட்மிஷனுக்குப் பிள்ளை பிடிக்க ஊர் ஊராய்ப் போக வேண்டும். முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பிரின்சிபால் சொல்லிவிட்டாராம், பிஎச்.டி. பதிவு உறுதியாகாதவர்களுக்கு இனி வேலை கிடையாது என்று. அவருக்குக் கைடு டாக்டர் கனகசபாபதி. பழைய ஆள், நம்ம பழைய கஸ்டமரும்கூட. அவர் ஒரே வார்த்தைதான் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "சேவுகப்பெருமாள்கிட்ட போங்க. மத்தத அவரு பாத்துக்குவாரு."

நானும் பார்த்துக்கொண்டேன். முதல் அத்தியாயம் ரெடி. கஷ்டம் என்னவென்றால் அந்தச் சனிக்கிழமை வகுப்பு. "எனக்கு லீவு கிடைக்காதுண்ணே" என்று கையைப் பிசைகிறார். "நீங்க ஏன் போறீங்க? முழுப் பேக்கேஜ்ல அதுவும் அடக்கம்" என்றேன். சனிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, இருதயராஜாக நான் போய் உட்கார்ந்தேன். ஜெராக்ஸ்காரன் முகத்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்?

முதல் நாளே அந்த அம்மா ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, எதைப் பற்றி ஆய்வு என்று எழுதச் சொன்னார். எல்லாரும் எழுதினோம். என்னுடையதை எடுத்துப் படித்தார்.

"இது தலைப்பு சார். கேள்வி எங்க?"

"என்ன கேள்வி மேடம்?"

"உங்களுக்கு என்ன தெரியணும்?"

எனக்கு என்ன தெரிய வேண்டும்? இத்தனை வருஷத் தொழிலில் ஒரு கஸ்டமரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்பார்கள். முழுக் கூட்டமும் என்னைப் பார்க்கிறது. "யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்று உட்கார்ந்தேன். வந்த முதல் நாளே மனுஷனை அவமானப்படுத்துகிற பயிற்சி.

சொல்லிக்கொடுத்ததைக் கேளுங்கள். தலைப்பை அப்படியே கம்ப்யூட்டரில் அடித்துத் தேடக் கூடாதாம். வார்த்தைகளைப் பிரித்து, வருஷத்தைக் குறுக்கி, ஊரைச் சேர்த்துத் தேட வேண்டுமாம். கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் மனப்பாடம் செய்வதுபோல் படிக்கக் கூடாதாம். முதலில் சுருக்கம், பிறகு என்ன கண்டுபிடித்தார்கள், பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள். குறிப்பு எடுக்கும்போது புத்தகத்தை மூடிவிட்டுச் சொந்த வார்த்தையில் எழுத வேண்டுமாம். மூடிவிட்டு. திறந்து வைத்துக்கொண்டே எழுதி இத்தனை டாக்டர்களை உருவாக்கியவன் நான். என்னிடம் போய் மூடச் சொல்கிறார். இங்கே இல்லாத கட்டுரையை வேறு ஊர் நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருகிறார்கள், ஒரு வார்த்தை கேட்டால் போதும். அந்த வசதி பல வருஷமாக இருக்கிறதாம். கேட்கத்தான் ஆள் இல்லை.

கடையில் ஆள் இல்லாத நேரம் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். ஆர்வத்தில் இல்லை சார். எதிரி கையில் என்ன ஆயுதம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் இல்லையா? நாலைந்து கட்டுரை வரவழைத்தேன். ஒன்றிரண்டு நன்றாகக்கூட இருந்தது. அதை விடுங்கள்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை ஒரு பயிற்சி கொடுத்தார். அவரவர் அத்தியாயத்தில் ஒரு வரியை எடுங்கள், அது எங்கிருந்து வந்தது என்று பின்னாலேயே தேடிக்கொண்டு போங்கள், மூலம் கிடைக்கும் வரை விடாதீர்கள் என்றார். நான் இருதயராஜின் அத்தியாயத்தைத் திறந்து, 'குழுவில் சேர்ந்த பிறகு எழுபத்து மூன்று சதவீதப் பெண்களுக்குத் தன்னம்பிக்கை கூடியுள்ளது' என்ற வரியை எடுத்தேன். நல்ல வரி. எந்த மாவட்டத்திலும் நிற்கும். அடிக்குறிப்பில் ஒரு கட்டுரை இருந்தது. அதைத் தேடி எடுத்தேன். அது ஓர் ஆய்வேட்டைச் சொன்னது. அந்த ஆய்வேடு இன்னொன்றைச் சொன்னது. கேரளாவில் ஒருவர் மேற்கோள் காட்டியிருக்கிறார். டெல்லியில் ஒரு அம்மாள் இங்கிலீஷ் கட்டுரையில் போட்டிருக்கிறார். போய்க்கொண்டே இருந்தேன். கடைசியில் எல்லாம் டாக்டர் கனகசபாபதியின் ஆய்வேட்டில் போய் நின்றது. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை.

எப்படி இருக்கும்? அதை எழுதியது நான். அவருக்கு ஒரு சதவீதம் தேவைப்பட்டது. ஐம்பது என்றால் சோப்ளாங்கியாக இருக்கும், தொண்ணூறு என்றால் நம்பமாட்டார்கள். யோசித்துக்கொண்டு இருக்கும்போது வாசலில் எழுபத்து மூன்றாம் நம்பர் டவுன் பஸ் வந்து நின்றது. போட்டுவிட்டேன். இன்றைக்கு அது டெல்லி வரை போயிருக்கிறது. யோசித்துப் பாருங்கள் சார், நாடு முழுக்க மேற்கோள் காட்டப்படுகிற ஒரு மனுஷன், அந்த ஹாலில் கையைத் தூக்கி 'நான்தான் அது' என்று சொல்ல முடியாமல் அடுத்தவன் பெயரில் உட்கார்ந்திருந்தேன். அந்த வேதனை உங்களுக்குப் புரியாது.

பர்வீன் மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மூலம் கிடைச்சுதா?"

"இல்ல மேடம். இதோட நின்னுபோச்சு."

"அப்ப உண்மையான பதில் என்னவா இருக்கும்?"

நான் அத்தியாயத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டேன். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னார்: "அடுத்த வாரம் நிஜ இருதயராஜையும் கூட்டிட்டு வாங்க."

"மேடம்?"

"நூலக நோட்டீஸெல்லாம் உங்க கடையிலதானே ஜெராக்ஸ் எடுக்கறேன். முதல் நாளே தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே மேடம்."

"முப்பது பேர்ல வீட்டுப்பாடம் செஞ்சுட்டு வர்றது நீங்க ஒருத்தர்தான். விரட்ட மனசு வரல."

பாருங்கள், எப்படி நையாண்டி செய்கிறார் என்று. ஆனால் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வகுப்பில் உட்காராத ஆளுக்குச் சான்றிதழில் கையெழுத்துப் போடமாட்டேன், சனிக்கிழமை முடியாதென்றால் சாயங்காலம் காலேஜ் விட்டு வரட்டும், அவருக்கு மட்டும் தனியாக எடுக்கிறேன். வீட்டுக்குப் போகிற நேரத்தில் உட்கார்ந்து பாடம் எடுக்கிறேன் என்கிறவரை என்ன செய்ய முடியும் சொல்லுங்கள்? லஞ்சம் கேட்டால்கூட ஒரு வழி இருக்கும்.

இருதயராஜ் போனார். முதல் வாரம் பயந்துகொண்டு போனார். இரண்டாவது வாரம் பஸ் பிடிக்க ஓடுகிற மனுஷன் என் கடையில் நின்று பேச ஆரம்பித்துவிட்டார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஒருநாள் அத்தியாயத்தை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு, "அண்ணே, இந்த எழுபத்து மூணு எங்கேருந்து வந்துச்சு?" என்கிறார்.

சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். பஸ் கதையைக் கேட்டுச் சிரிக்காத ஆள் கிடையாது. இவர் சிரிக்கவில்லை.

"நான் இதை மூணு வருஷமா கிளாஸ்ல எடுக்கறேன்ணே. பரீட்சையில கேள்வியாவே வந்துருக்கு."

"அப்புறம் என்ன? பரீட்சையிலயே வந்துருச்சுன்னா அது உண்மைதானே."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீட்டுக்குப் போய் அவர் மனைவி சகாயமேரியிடம் கேட்டிருக்கிறார். அந்த அம்மா பல வருஷமாக ஒரு சுயஉதவிக் குழுவில் இருக்கிறார். இவர் சுயஉதவிக் குழுவில் பிஎச்.டி. செய்கிறார். இரண்டும் ஒரே வீட்டில் இருப்பது அன்றுவரை இவருக்குத் தோன்றவில்லை. படித்தவர்கள் இல்லையா.

"குழுவில சேர்ந்ததுல உனக்குத் தன்னம்பிக்கை கூடியிருக்கா?" என்று கேட்டாராம். அந்த அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாராம்: "தன்னம்பிக்கையா? செவ்வாய்க்கெழம ஒரு மணி நேரம் உங்க அம்மா வாயிலேருந்து தப்பிக்கறதுக்குத்தான் நான் கூட்டத்துக்கே போறேன். அங்க வர்ற பாதிப் பேரு அதுக்குத்தான் வர்றாளுக."

அதோடு முடிந்தது சார். மனுஷன் என் அத்தியாயத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார். பெண்கள் எதற்காகக் கூட்டத்துக்கு வருகிறார்கள் என்பதுதான் இனி அவருடைய கேள்வியாம். லீவே கிடைக்காத மனுஷன், சம்பளத்தைப் பிடித்தாலும் பிடிக்கட்டும் என்று செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுப் பெண்கள் கூட்டத்தில் போய் உட்காருகிறார். முதலில் விரட்டியிருக்கிறார்கள். கடன் வசூலிக்க வந்த ஆள் என்று நினைத்தார்களாம். அப்புறம் பேச ஆரம்பித்தார்கள். அதைக் குறிப்பு எடுக்கிறார், நூலகத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கிறார். "வாத்தியாரே, ரெடியா இருக்கற சாப்பாட்டத் தள்ளிட்டு அடுப்பு மூட்டறீங்களே" என்றேன். "பசி வந்துருச்சுண்ணே" என்கிறார். இப்படிப் பேசத்தான் அந்த நூலகர் அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

சான்றிதழ் வந்தது. கமிட்டி வந்தது. ஜெராக்ஸ் பிரதிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க நானும் மாடிக்குப் போயிருந்தேன், வாசலிலேயே நின்றேன். இவர் தன் கதையைச் சொல்லி முடித்தார். கனகசபாபதி சார் முகம் கறுத்துவிட்டது.

"தலைப்பை மாத்தச் சொல்லி யாரு சொன்னா? எழுபத்து மூணு சதவீதம் எங்க போச்சு?"

"அதுக்கு ஆதாரம் கிடைக்கல சார்."

"என் ஆய்வேட்டுலயே இருக்குய்யா."

"அதுலயும் ஆதாரம் இல்ல சார்."

பணிவாகத்தான் சொன்னார். பணிவாகச் சொன்னால் கோபம் குறையும் என்று யாரோ அவரிடம் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியை, "நீங்க எந்த ஊர்ல எடுத்த கணக்கு சார் அது?" என்று கனகசபாபதியிடம் கேட்டார். அவர் வாசலில் நிற்கும் என்னைப் பார்த்தார். நான் பிரதிகளில் பக்க எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். "களஆய்வு" என்றார் அவர். எந்தக் களம் என்று அந்த அம்மா கேட்பதற்குள், "இந்த மாதிரி ஒழுக்கமில்லாத மாணவருக்கு நான் வழிகாட்ட முடியாது" என்று எழுந்து போய்விட்டார்.

கைடு இல்லாத பதிவை உறுதி செய்ய விதியில் இடமில்லை. ஒத்திவைத்துவிட்டார்கள். மாவட்டத்தை மட்டும் மாற்றிக்கொண்டு போயிருந்தால் அன்றே முடிந்திருக்கும், சாயங்காலம் கேசரி சாப்பிட்டிருக்கலாம். இப்போது வேறு கைடு ஒதுக்கி, திரும்ப எழுதி, இன்றைக்கு மறுபடி கமிட்டி. ஜூன் வரைதான் தவணை என்று பிரின்சிபால் எழுத்திலேயே கொடுத்துவிட்டார். இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் சார் அவருக்கு. உண்மையைத் தேடுகிறவர்கள் முதலில் பிள்ளைகளை ஒரு இடத்தில் உட்கார வைத்துவிட்டுத் தேட வேண்டும்.

அவரைப் பார்த்து மற்றவர்களும் கெட்டுவிட்டார்கள். மாதம் ஒரு ஆள்கூட ஆலோசனைக்கு வருவதில்லை. நானே பெயிண்ட் வாங்கி அடித்தேன். போன வாரம் புது அத்தியாயத்தை அச்செடுக்கக் கொடுத்தார். பழக்க தோஷம், மாவட்டத்தை மாற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம்கூட நிற்கவில்லை சார். இந்தத் தெரு, இந்த மாமியார், இந்தப் பால் சொசைட்டி, இந்தப் பெண்கள் பேசிய பேச்சு. ஒன்றையும் கழற்ற முடியவில்லை. இப்படி எழுதினால் இரண்டாவது ஆளுக்கு எப்படி விற்பது? வியாபாரம் தெரியாத மனுஷன்.

அதனால் உங்கள் மகளுக்கு நான் சொல்வது இதுதான்: அந்தச் சனிக்கிழமை வகுப்புப் பக்கம் மட்டும் போக வேண்டாம். விதி என்று சொல்லிக் கட்டாயப்படுத்தினால் முன் வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். பின்னால் உட்கார்ந்தால் திரை சரியாகத் தெரியாது. வெளியூர்க் கட்டுரை வேண்டுமென்றால் வாரத் தொடக்கத்திலேயே கேட்டுவிடட்டும், அப்போதுதான் சீக்கிரம் வரும்.

இருங்கள். இறங்கி வருகிறார். இல்லை, அவசரம் ஒன்றும் இல்லை, சும்மா எழுந்தேன், கால் மரத்துவிட்டது.

என்ன வாத்தியாரே, மூஞ்சி இப்படி இருக்கு? தண்ணி குடிங்க மொதல்ல. சார், கொஞ்சம் தள்ளிக்குங்க, அவரு உக்காரட்டும்.

உறுதி பண்ணிட்டாங்களா? கையெழுத்துப் போட்டாச்சா? எல்லாரும் போட்டாங்களா? அப்புறம் எதுக்குய்யா இந்த மூஞ்சி? வீட்டுக்குப் போன் போட்டீங்களா? மொதல்ல போடுங்க.

என்னது, ஒரு குழு போதாதா? அந்த வெளியூர் அம்மா சொன்னாங்களா? மலையடிவாரத்துல இருக்கற குழுக்களையும் பாக்கணுமா? எத்தனை ஊர்? அப்ப இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இது முடியாது. நான் அன்னைக்கே சொன்னேன், கேட்டீங்களா?

பார்த்தீர்களா சார், இப்படித்தான். ஒரு கேள்வி கேட்டால் விட்டுவிடவே மாட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, பிள்ளை பிடிக்கிற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, மலையடிவாரத்தில் முதலாவது ஊருக்குக் கிளம்புகிறாராம். நானும் கூடப் போக வேண்டியிருக்கிறது. ஆசையா என்ன, வேறு வழியில்லை. இவர் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற ஆள். எத்தனை பேர் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்க ஒரு ஆள் வேண்டும். கணக்கில் எங்கெங்கே பொய் நுழையும் என்று இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்?